காவிரியின் பரிசல்



மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரியும் கொள்ளிடமும் அணைத்துக் கிடக்கும் திருவரங்கத் தீவு தெரியும். அதனைத் திருச்சி நகரோடு இணைத்து 1849-இல் ஒரு பாலமும், பின்னர் 1976-இல் புதிய பாலமும் எழுந்தன. பாலம் எட்டாத துறைகளில் மக்களைக் கரை சேர்த்தவற்றுள் ஒன்று பரிசல்.

மூங்கிற் பிளாச்சுகளை வட்டக் கூடையாக முடைந்து, அடியில் தோல் போர்த்துவது பழைய முறை. பின்னாளில் தார் பூசிய துணியும் பிளாஸ்டிக் தாளும் வந்தன; இன்று கண்ணாடியிழைப் பரிசல்களும் உண்டு. பொருள் மாறிற்று, வடிவம் மாறவில்லை. 1520-ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியரான தொமிங்கோ பயஸ், தோல் போர்த்த இக்கூடை ஓடங்கள் சுழன்று சுழன்றே செல்வதை வியந்து எழுதினார். பாபிலோன் ஆற்றில் ஓடிய வட்டமான தோல் ஓடங்களைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அவருக்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்துள்ளார்.

வட்டம் ஏன்? அடி தட்டையாதலால் பரிசல் ஆழமாக அமிழ்வதில்லை. அடி 2 மீட்டர் அகலமாயின், பரிசலும் பாரமும் சேர்ந்து சுமார் 314 கிலோ இருந்தாலும் 10 சென்டிமீட்டரே அமிழும். ஆகவே பாறையும் மணலும் நிறைந்த ஆற்றுக்கு அது ஏற்றது. ஆனால் முன்னும் பின்னும் இல்லாததால், ஒரு பக்கமே துடுப்பிட்டால் சுழலும். ஓட்டுபவர் துடுப்பை இருபுறமும் மாற்றி மாற்றி, நீரைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். வெள்ளம் கீழே தள்ளும் தூரத்தைக் கணக்கிட்டு, துறைக்கு மேலிருந்தே புறப்பட வேண்டும்.

முக்கொம்புக்கு மேற்கே, வடகரையில் என் ஊர். ஒரு புரட்டாசியில் ஆறு பெருகியிருந்தது. திருச்சியில் எனக்குக் கல்லூரித் தேர்வு. பரிசலில் ஆட்கள் ஏறிவிட்டனர். நானும் காலெடுத்து வைத்தேன். துறைக்காரப் பெரியவர் கையால் தடுத்தார். மன்றாடினேன். அவர் விளிம்புக்கும் நீருக்கும் இடையே கையை வைத்துக் காட்டினார். ஒரு சாண்கூட இல்லை. “தம்பி, ஆறு உன் பரீட்சையைப் பார்க்காது, பாரத்தைத்தான் பார்க்கும்” என்றார்.

கரையில் நின்று அவரைச் சபித்தேன். நடு ஆற்றில் ஒரு சுழல் பரிசலைச் சாய்த்தது. விளிம்பை நீர் தொட்டு விலகியது. மறு நடையில் என்னை ஏற்றிக்கொண்டார். தேர்வுக்கு அரைமணி பிந்திச் சென்றேன்.

பெரியவர் பள்ளியில் படித்தவரல்லர். ஆயினும் நான் ஏட்டில் மனப்பாடம் செய்திருந்த மிதத்தல் விதியை அவர் ஒரு சாணில் அளந்து வைத்திருந்தார். பரிசல் முடையத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊர்ப்பக்கம் இருப்பின், அவரிடம் சென்று அமருங்கள்; அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவை அவர் கையில் மட்டும் இருத்தல் போதாது.