பிரையர் மலைக் குதிரைகள்



குதிரையைப் பற்றிப் பேசுவதற்குத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நான் குதிரை ஏறியவனல்லன், வளர்த்தவனுமல்லன். சிறுவயதில் பாளையங்கோட்டைத் தெருக்களில் ஜட்கா வண்டி இழுத்த மெலிந்த குதிரைகளைக் கண்டிருக்கிறேன், அவ்வளவே. ஆயினும் என் பணிக்காலம் முழுவதும் குதிரையைப் பற்றி ஓயாது பேசியவன் நான். ஒழுக்கம் பற்றிய எந்தச் சொற்பொழிவிலும் ‘கடிவாளம் இல்லாத குதிரை’ என்ற உவமை எனக்கு உதவிக்கு வந்துவிடும். கடிவாளம் இல்லாத குதிரை எப்படி இருக்கும் என்று மட்டும் நான் கண்டதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கண்டேன்.

என் மகன் அமெரிக்க நாட்டில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் குடியிருக்கிறான். அங்கே நானும் என் மனைவியும் சென்றிருந்தபோது, பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஒட்டி, மலைகளையும் காட்டுக் குதிரைகளையும் பார்த்து வரலாம் என்று முடிவாயிற்று. செல்ல வேண்டிய இடம் வயோமிங், மொன்டானா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரையர் மலை. டென்வரிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. அறுவர் ஒரு காரில் புறப்பட்டோம்.

வழியில் விண்டு ரிவர் என்னும் ஆறு குடைந்து சென்ற ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அதன் ஓரமாகச் சாலை செல்கிறது. ஆங்காங்கே பலகை நட்டு, இது இன்ன பாறை, இன்ன காலத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தெற்கு முனையில் இருப்பவை 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறைகள். வடக்கே போகப் போகப் பாறைகளின் வயது குறைகிறது. முடிவில் செம்மண் நிறத்துப் பாறைகள் வருகின்றன. பாடநூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது போன்றது அந்தப் பயணம். என் மனைவி ஒரு பலகையைப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “ஆறு நாள் என்று நாம் படித்திருக்கிறோமே?” என்றாள். “ஆண்டவருடைய நாளுக்கு எத்தனை மணி என்று நமக்கு யார் சொன்னார்கள்?” என்றேன். பேரன் சிரித்தான். அவ்விவாதம் அத்துடன் நின்றது.

லவெல் என்னும் சிற்றூரில் தங்கினோம். மலைக்குச் செல்ல வாய்த்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடும்பத்தில் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடும் வழக்கம் இல்லை. ஆதலின் என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. “மலையிலேயே ஜெபம் செய்யலாம், அம்மா, வேத பாடத்தை அப்பா தேர்ந்தெடுக்கட்டும்” என்று மகன் சமாதானம் சொன்னான். நான் யோபு ஆகமத்தின் 39-ஆம் அதிகாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் போர்க்குதிரையின் வருணனை உண்டு. காலை வணக்கக் கூட்டங்களில் எத்தனையோ முறை நான் வாசித்த பகுதி அது.

மலையின் மேற்பகுதிக்குச் சாதாரணக் கார் ஏறாது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் உயரமான ஜீப் வேண்டும். அதை ஓட்டி வந்தவர் அவ்வூரைச் சேர்ந்த ஓர் அம்மையார். எங்களுக்கு வழிகாட்டியும் அவரே. அடிவாரம் வறண்ட பாலை. முட்புதரும் செம்மண்ணும் தவிர வேறொன்றும் இல்லை. மணிக்கணக்கில் குலுங்கிக் குலுங்கி ஏறினால் ஊசியிலைக் காடு வருகிறது. அதையும் கடந்தால் உச்சியில் பரந்த புல்வெளி. ஜூலையிலும் நிழலான சரிவுகளில் பனித்திட்டுகள் கிடந்தன. பாலையும் குறிஞ்சியும் முல்லையும் ஒரே மலையில் அடுக்கி வைத்தாற்போல் இருந்தது. குளிர்காலத்தில் கீழேயும் கோடையில் மேலேயுமாகக் குதிரைகள் இடம் மாறுகின்றன என்றார் அம்மையார்.

அந்த மலைக்குப் பிரையர் என்ற பெயர் வந்ததே ஒரு வேடிக்கை. லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் தலைமையில் மேற்குக் கடற்கரை வரை சென்று மீண்ட புகழ்பெற்ற பயணக் குழுவில் பிரையர் ஒரு சார்ஜண்ட். 1806-ஆம் ஆண்டில் குழுவின் குதிரைகளை ஓட்டிச் செல்லும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓரிரவில் அத்தனை குதிரைகளும் களவு போயின. கொண்டு சென்றவர்கள் அப்பகுதியின் பழங்குடிகளான குரோ மக்கள் என்பர். பிரையரும் உடன் சென்றவர்களும் எருமைத் தோலால் பரிசல் கட்டி, ஆற்றோடு மிதந்து, தலைவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். குதிரைகளை இழந்தவருடைய பெயரைத் தாங்கிய மலையில் இன்று குதிரைகள் தாமாகவே வாழ்கின்றன.

புல்வெளியின் விளிம்பில் ஜீப்பை நிறுத்தினார். நூறடிக்குள் நெருங்கக் கூடாது, தீனி எதுவும் கொடுக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. என் பேத்தி சட்டைப் பையில் ஓர் ஆப்பிள் பழத்தை ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. அம்மையார் கடியவில்லை. “மனிதன் கையில் தின்னப் பழகிய குதிரை சாலையோரம் வந்து நிற்கும், பிறகு அதற்கு இந்த மலை இல்லை” என்று மட்டும் சொன்னார். பேத்தி அந்தப் பழத்தைத் தானே தின்றுவிட்டாள்.

முதலில் எலிச் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை தெரிந்தது. முதுகின் நடுவே பிடரியிலிருந்து வால் வரை மை தீட்டியது போல் ஒரு கருங்கோடு. கால்களில் வரிக்குதிரைக்கு உள்ளதுபோல் பட்டைகள். அதன் பின்னே இரண்டு பெட்டைகளும் ஒரு குட்டியும். எல்லார்க்கும் பின்னால் கருத்த ஆண்குதிரை ஒன்று. பனித்திட்டின்மேல் ஏறி நின்றுகொண்டன. ஈக்களின் தொல்லைக்கு அது மருந்தாம். ஓட்டமில்லை, கனைப்பில்லை, துள்ளலில்லை. குட்டி மட்டும் தாயைவிட்டு எங்கள் பக்கம் நாலடி வந்தது. முதிர்ந்த பெட்டை காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு தலையை நீட்டியது. குட்டி திரும்பிப் போயிற்று. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன். அவ்வளவு குறைந்த முயற்சியில் ஒரு பிள்ளையை இடத்தில் அமர்த்தியதாக எனக்கு நினைவில்லை.

அம்மையாருக்கு ஒவ்வொரு குதிரையும் பெயரளவில் தெரியும். ஆண்டுக்கோர் எழுத்து என்று வைத்து, அவ்வாண்டு பிறந்த குட்டிகளுக்கெல்லாம் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் சூட்டுகிறார்கள். பெயரைக் கேட்டால் வயது தெரிந்துவிடும். எங்கள் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டுக்கு இல்லாத வசதி இது. சற்றுத் தொலைவில் நாலைந்து இளம் ஆண்குதிரைகள் தனியே மேய்ந்தன. ஆண்குட்டிகள் இரண்டு மூன்று வயதானதும் குடும்பத்தினின்று விலக்கப்படும். அவை தமக்குள் ஒரு கூட்டமாகத் திரிந்து, பலம் வந்தபின் தனிக் குடும்பம் அமைக்கும் என்று விளக்கினார்.

குதிரை இனம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். ஆனால் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அக்கண்டத்தில் அது அற்றுப்போயிற்று. கொலம்பஸ் 1493-இல் தம் இரண்டாம் பயணத்தில் கரீபியன் தீவுகளுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தார். 1519-இல் கோர்ட்டெஸ் 16 குதிரைகளுடன் மெக்சிகோவில் இறங்கினார். ஸ்பானியரிடமிருந்து தப்பியும் விலகியும் பெருகியவற்றின் வழித்தோன்றல்கள் மேற்குச் சமவெளி எங்கும் பரவின. பிரையர் மலைக் குதிரைகளின் குருதியில் அந்தப் பழைய ஸ்பானியக் கால்வழி இருப்பதை மரபியல் ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இருபதாம் நூற்றாண்டில் அவற்றின் நிலை பரிதாபமாயிற்று. விமானத்தாலும் லாரியாலும் துரத்திப் பிடித்து, வளர்ப்புப் பிராணிகளின் தீனிக்காக அறுக்கக் கொண்டுபோனார்கள். நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற அம்மையார், ஓர் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். இளமையில் போலியோவால் தாக்குண்டவர். 1950-இல் ஒருநாள் பணிக்குச் செல்லும் வழியில், முன்னே சென்ற லாரியிலிருந்து குருதி வடிவதைக் கண்டு பின்தொடர்ந்தார். உள்ளே நெருக்கி அடைக்கப்பட்டிருந்தவை காட்டுக் குதிரைகள். அன்று தொடங்கிய அவர் முயற்சியால் 1959-இல் மோட்டார் வண்டிகளையும் விமானங்களையும் கொண்டு அவற்றை வேட்டையாடுவது தடுக்கப்பட்டது. மாணவர்களே, இனி வருவது உங்களுக்குரிய பகுதி. அந்தச் சட்டம் போதவில்லை என்று கண்டபோது, நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் தம் கையால் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அதைப் ‘பென்சில் போர்’ என்றே அழைத்தார்கள். 1971-இல் ஒரு வாக்கும் எதிராக இன்றிச் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 15-இல் குடியரசுத் தலைவர் நிக்ஸன் ஒப்பமிட்டார். பிரையர் மலை அதற்கும் முன்னதாகவே, 1968-இல், அவ்வட்டார மக்களின் எதிர்ப்புக்குச் செவிசாய்த்துக் குதிரைகளுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது.

இதனால் இடர் தீர்ந்ததா என்றால், இல்லை. ஏறத்தாழ 38,000 ஏக்கர் நிலம், பெரும்பகுதி பாலை. குதிரைகள் பெருகினால் புல் அழியும். புல் அழிந்தால் குதிரையும் மானும் சேர்ந்து அழியும். இந்நிலம் 90 முதல் 120 குதிரைகளைத் தாங்கும் என 2009-இல் கணக்கிட்டார்கள். பெட்டைகளுக்குத் தொலைவிலிருந்தே கருத்தடை மருந்தை எய்கிறார்கள். சில வேளைகளில் இளங்குதிரைகளைப் பிடித்துத் தத்துக் கொடுக்கிறார்கள். அது கூடாது என்று வழக்காடுவோரும் உளர். இரு திறத்தாரும் குதிரைகளின் நலம் நாடியே பேசுகிறார்கள் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். எனக்கு மருந்துதான் பிடிப்பதைவிட மேலாகத் தோன்றுகிறது.

நண்பகலில் ஒரு பாறையடியில் அமர்ந்து ஜெபத்தைத் தொடங்கினோம். அதற்குமுன் பேத்தி கேட்டாள்: “தாத்தா, இந்தக் குதிரைகளை மஸ்டாங் என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?” தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குக என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடம். ஆகவே, “அது ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. உரியவன் இல்லாமல் திரியும் கால்நடை என்று பொருள். நம்மூரில் பட்டிமாடு என்போம்” என்றேன். சொல்லி முடித்ததும் மேலே பேச இயலவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

2004-ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். வகுப்பில் இருந்த நாளைவிடக் குளத்தங்கரையில் இருந்த நாள் அதிகம். பறவைக் கூடுகளை எண்ணிக்கொண்டிருப்பான். ஒரு காலை வணக்கக் கூட்டத்தில், ஐந்நூறு பிள்ளைகளின் முன்னே அவனை நிறுத்தி, “பட்டிமாட்டைக் கொண்டித்தொழுவில்தான் அடைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் அன்று” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரிக்க முயன்றான். மறுநாள் முதல் அவன் வரவில்லை. சில வாரம் கழித்துப் பதிவேட்டில் அவன் பெயரை என் கையால் அடித்தேன். விதிப்படி அது சரியே. வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கலாம் என்று என் மனைவி சொன்னாள். நான் அனுப்பவில்லை.

பேரன் வேத பாடத்தை வாசித்தான். நான் குறித்துக் கொடுத்தது போர்க்குதிரையின் வருணனை தொடங்கும் 19-ஆம் வசனம். அவன் அதைக் கவனியாமல் அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்தே வாசித்துவிட்டான். முன்பகுதியில் காட்டுக்கழுதையைப் பற்றிச் சில வசனங்கள் வருகின்றன. அதை அவிழ்த்துவிட்டவர் யார் என்று ஆண்டவர் யோபைக் கேட்கிறார். ஓட்டுகிறவனுடைய அதட்டலுக்கு அது செவிகொடுப்பதில்லை. மலைகளே அதன் மேய்ச்சல் நிலம். அதைப் படைத்தவர் அதன்மீது குறை கூறவில்லை. எக்காளத்துக்குத் துள்ளும் போர்க்குதிரையைப் போலவே அதையும் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறார். அத்தனை ஆண்டுகளும் அந்த வசனங்களைத் தாண்டித்தான் நான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஜெபம் முடிந்ததும் பேரன் கேட்டான்: “தாத்தா, ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?” சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. “பிறகு அந்த அண்ணன் என்ன ஆனார்?” என்றான். “தெரியாது” என்றேன். அவனுக்கு அந்த விடை போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இறங்கி வரும் வழியில், காலையில் தனியே மேய்ந்த இளங்குதிரைகள் சாலையைக் கடந்தன. அம்மையார் ஜீப்பை நிறுத்தி, அவை போகும்வரை காத்திருந்தார்.

ஊர் திரும்பிய பின் விசாரித்தேன். அவன் குடும்பம் அப்போதே வேறு மாவட்டத்துக்குப் பெயர்ந்துவிட்டதாம். இப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வானொலி கேட்கும் வழக்கம் உண்டோ, அறியேன். தம்பி, நீ கேட்டுக்கொண்டிருந்தால், அன்று ஐந்நூறு பேர் முன்னிலையில் சொன்ன சொல்லை, அதைவிடப் பலர் கேட்கும் இவ்விடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குளத்தங்கரையில் எத்தனை கூடுகள் எண்ணினாய் என்று அன்று நான் உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்க விரும்புகிறேன். நான் அதே தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறேன்.