எபிசோட் 41: கடல் டேட்டா யாருக்குச் சொந்தம்?

இன்னைக்கு கடலைப் பத்திப் பேசப்போறோம். பேசுறவன் கடலே இல்லாத ஊர்க்காரன். சொந்த ஊர் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு பக்கம். மேற்க பார்த்தா மலை, கடல் பார்க்கணும்னா பஸ் ஏறணும். ஆனா ஐப்பசி வந்தா அப்பா போன்ல கேக்குற முதல் கேள்வி, "ஏன்டா, அந்தக் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு, மழை எப்ப?" வடகிழக்குப் பருவமழை நமக்கு வங்காள விரிகுடாவைத் தாண்டித்தான் வருது. அதனால அப்பா கேள்விக்கான பதில்ல ஒரு பகுதி கடலுக்குள்ளதான் இருக்கு.

காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு எனக்குக் கடல் வெப்பநிலை டேட்டா தேவைப்பட்டுச்சு. அரசு நிதியில நடந்து முடிஞ்ச ஒரு ஆய்வோட ஃபைல், ஒருத்தர் மூலமா கையில கிடைச்சது. திறந்து சராசரி போட்டேன். மைனஸ்ல வந்துச்சு. வங்கக்கடல் உறைஞ்சுபோச்சுன்னு என் லேப்டாப் சொல்லுது! என்னன்னு பார்த்தா, அளவு கிடைக்காத இடத்துல எல்லாம் மைனஸ் 999னு போட்டு வச்சிருக்காங்க. அதையாவது நீக்கிடலாம். ஆனா எந்த ஆழத்துல அளந்தாங்க? 'ஸ்டேஷன் 7'ன்னா எந்த இடம்? ஃபைல்ல ஒண்ணும் இல்லை. கேக்கலாம்னா, அதை எடுத்த ஆராய்ச்சி மாணவர் ப்ராஜெக்ட் முடிஞ்சதும் வேற வேலைக்குப் போயிட்டார்.

நம்ம வேலையில ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனா திரும்ப ஓட்டிக்கலாம். கடல்ல அது நடக்காது. போன வருஷம் கார்த்திகை 10ஆம் தேதி அந்த இடத்துல தண்ணி எவ்வளவு சூடா இருந்துச்சுங்கிறதை, இன்னொரு தடவை கப்பல் அனுப்பி அளக்க முடியாது. அந்த ஃபைல் புரியலைன்னா, அந்த நாள் கடலே போச்சு. கப்பலுக்கு டீசல் போட்ட மக்கள் பணமும் அதோட போச்சு.

கொஞ்சம் பழைய கதை. 1959ல இருந்து 1965 வரைக்கும் 'சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம்'னு ஒண்ணு நடந்துச்சு. பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து நம்ம கடலை அளந்தாங்க. கோவாவுல இருக்கிற தேசிய கடலியல் நிறுவனம் 1966ல தொடங்கினதே இதோட தொடர்ச்சியாத்தான். அந்த அளவுகளை எல்லாம் திரட்டி கிளாஸ் விர்ட்கி பெரிய அட்லஸா வெளியிட்டது 1971ல. கப்பல்கள் திரும்பி ஆறு வருஷம் கழிச்சு.

இப்ப ஆர்கோவுக்கு வாங்க. உலகக் கடல் முழுக்க ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகள். ஒவ்வொண்ணும் 1,000 மீட்டர் ஆழத்துல மிதந்துக்கிட்டே இருக்கும். பத்து நாளைக்கு ஒரு தடவை 2,000 மீட்டருக்கு இறங்கி, மேல வர்ற வழியில வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் எல்லாம் அளந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பும். 24 மணி நேரத்துக்குள்ள அது பொதுவுல வந்துடணும்ங்கிறது இலக்கு. நீங்களும் நானும் லாகின் இல்லாம இறக்கிக்கலாம். நம்ம நாட்டு மிதவைகளோட டேட்டாவைக் கையாளுறது ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்.

எனக்குப் பிடிச்சது வேகம் மட்டும் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல தரக்குறி ஒண்ணு இருக்கும். 1ன்னா நல்ல அளவு, 4ன்னா தப்பு. எந்த அலகு, எந்த இடம், எந்த நேரம், எல்லாம் ஃபைலுக்குள்ளேயே இருக்கு. பிறகு நிபுணர்கள் நிதானமா சரிபார்த்து, திருத்தின பதிப்பு தனியா போடுவாங்க. உடனே கொடு, அப்புறம் திருத்து, ரெண்டையும் தனித்தனியா வை. நம்ம ஆளுங்களுக்கு இது புதுசா என்ன?

"அப்போ எல்லாத்தையும் திறந்துவிட வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. அவ்வளவு சுலபம் இல்லை. 2012ல வந்த தேசிய தரவுப் பகிர்வுக் கொள்கையே டேட்டாவை மூணா பிரிக்குது: எல்லாருக்கும் திறந்தது, பதிவு செஞ்சவங்களுக்கு மட்டும், கட்டுப்படுத்தப்பட்டது. கடல்னா பாதுகாப்பு விஷயமும் உண்டு. இன்னொரு பக்கம், மூணு வருஷம் கப்பல்ல வாந்தி எடுத்து அளந்த மாணவிக்கு, வேற ஒருத்தர் முந்திக்கிட்டுக் கட்டுரை எழுதிடுவாரோங்கிற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதுக்கு வழி, எழுத அவங்களுக்குக் கொஞ்சம் காலம் கொடுக்கணும். டேட்டாவுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, பயன்படுத்துறவங்க அவங்க பேரைச் சொல்லியே ஆகணும்னு வைக்கணும். ஹார்ட் டிஸ்கை பீரோவுல பூட்டி வைக்கிறது வழியே இல்லை.

கடைசியா ஒண்ணு. சென்னை பள்ளிக்கரணையில தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கு. ஆழ்கடல்ல நங்கூரம் போட்டு மிதவைகள் நிறுத்துறாங்க. அதுல ஒரு வகைக்கு 'ஆம்னி'ன்னு பேரு. பஸ் இல்லைங்க! 500 மீட்டர் ஆழம் வரைக்கும் அளக்கிற மிதவை. புயல் வலுக்குமாங்கிறதுக்குக் கடலோட மேலடுக்குச் சூடு முக்கியம். அதைச் சொல்ற கருவிகள்ல இதுவும் ஒண்ணு. ஆனா இந்த மிதவைகள் அடிக்கடி சேதமாகுது. மிதவைக்கு அடியில மீன் கூடும், படகு அங்க வரும், வலை சிக்கும், சில நேரம் பாகங்களே காணாமப் போகும். மிதவை ஊமையானா, அந்த இடத்துல கடல் என்ன சொல்லுதுன்னு நமக்குத் தெரியாது.

மீனவர்களைக் குத்தம் சொல்லிட்டு நகர்ந்துடலாம். 2017 ஒக்கி புயல்ல கன்னியாகுமரி மாவட்டத்துல எத்தனை வீட்டுல ஆள் திரும்பி வரலைன்னு நினைச்சுப் பாருங்க. எச்சரிக்கை எங்கேயோ இருந்துச்சு, ஆழ்கடல்ல இருந்தவங்க கைக்குப் போய்ச் சேரலை. அதுக்கப்புறம்தான், 2019ல, செல்போன் சிக்னல் இல்லாத தூரத்துலயும் செய்தி வாங்குற 'ஜெமினி' கருவி வந்துச்சு. இந்த மிதவை சொல்ற சேதி தன்னோட படகுக்கும் வருதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா, மிதவையை அவரே பார்த்துக்குவார்னு நான் நம்புறேன். பகிர்றதுன்னா வெப்சைட்ல ஏத்துறதோட முடியாது. யாருக்காக அளந்தோமோ, அவங்க கையில, அவங்க பாஷையில சேரணும்.

கேக்குறவங்கள்ல யாராவது ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல இருந்தா, ஒரு வேண்டுகோள். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம் எழுதி வச்சுட்டுப் போங்க. எந்த காலம்ல என்ன அளவு, எங்க, எப்ப, எந்தக் கருவி, மைனஸ் 999ன்னா என்ன. பத்து வருஷம் கழிச்சு எங்கேயோ ஒரு பையன் உங்களை வாழ்த்துவான்.

அப்பாவுக்கு மழை எப்பன்னு இன்னும் என்னால சரியா சொல்ல முடியலை. ஆனா அந்தப் பதிலுக்காக அவர் கட்டுற வரியிலயும் ஒரு மிதவை ஓடுதுன்னு சொன்னேன். "அப்படின்னா நல்லா பார்த்துக்கச் சொல்லு"ன்னார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.