மூளையுள் மூளும் அழற்சி



காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சுடுவதை நாம் எல்லோரும் அறிவோம். வைத்தியர்கள் அதனை அழற்சி என்பர். உடலைக் காக்க எழும் அத்தீ மூளையினுள்ளும் எழுமோ? மூளை, உடலின் காவற்படை புகாத தனிக்கோட்டை என்றே முன்னர் பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் கோட்டைக்குள்ளேயே காவலர் உண்டு. 1919ஆம் ஆண்டில் ஸ்பானிய தேசத்து அறிஞர் பீயோ டெல் ரியோ ஓர்த்தேகா, மைக்ரோகிளியா என்னும் சிறு கலங்களை வேறுபிரித்துக் காட்டினார். இறந்த கலங்களை உண்டு துப்புரவு செய்வது இவற்றின் தொழில்.

கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே, பற்றிக் மக்கீர், எடித் மக்கீர் என்னும் தம்பதியர் இக்காவலரை ஆராய்ந்தனர். பற்றிக் 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவர். பின்னர் மாகாண அமைச்சராயும் இருந்தவர். (பந்து விளையாடினால் படிப்புக் கெடும் என்று பிள்ளைகளை அதட்டும் பெற்றோர் இதனைக் கவனிப்பாராக.) 1980களின் பிற்பகுதியில் இவர்களும் இவர்தம் சகாக்களும், பார்க்கின்சன் நோயும் அல்சைமர் என்னும் மறதி நோயும் உற்று இறந்தோரின் மூளைகளைச் சோதித்தனர். நோய் தாக்கிய இடங்களில் மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்து குவிந்திருக்கக் கண்டனர்.

அங்ஙனமாயின், தீயைத் தணித்தால் நோய் நிற்குமா? மூட்டுவாதக்காரர் ஆண்டுக்கணக்காக அழற்சி தணிக்கும் மருந்து உண்பவர். அவர்களுள் அல்சைமர் நோய் குறைவாகக் காணப்படுகின்றதென 1990இல் மக்கீர் குழுவினர் எழுதினர். நம்பிக்கை பெரிதாயிற்று. அமெரிக்காவில் முதியோர் ஏறக்குறைய 2,500 பேரைச் சேர்த்து, நப்புரொக்சன், செலிகொக்சிப் என்னும் மருந்துகளைச் சோதித்தனர். இதயத்துக்குக் கேடு வருமோ என்ற அச்சத்தால் 2004இல் மருந்து நிறுத்தப்பட்டது. அது நோயைத் தடுத்ததாகவும் காணப்படவில்லை. ஆதலால், ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்கும் ஆச்சிக்கு மருந்துக்கடையில் நோவுக் குளிசை வாங்கிக் கொடுக்க எவரும் எண்ணவேண்டாம். ‘வயதுபோனால் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மக்கீர் தம்பதியர் கண்டது இதனாற் பொய்யாகிவிடவில்லை. மைக்ரோகிளியாவிலே தொழிற்படும் ட்ரெம்-2 என்னும் பரம்பரையலகின் அரியதொரு மாறுபாடு, அல்சைமர் அபாயத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குவதாக 2013இல் இரு குழுவினர் அறிவித்தனர். வியப்பு யாதெனில், அம்மாறுபாடு காவலரை வெறிகொள்ளச் செய்வதன்று; அவர்தம் வேலையைத் தளர்த்துவது. பற்றிக் 2022இலும் எடித் 2023இலும் காலமாயினர். காவலரை எப்பருவத்தில் அடக்குவது, எப்பருவத்தில் ஊக்குவது என்பதே இன்று ஆய்வாளர் முன் நிற்கும் வினா.