தரை கழுவும் மெஷினும் அதை ஓட்டும் கையும்

(தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள், துப்புரவு வேலை செய்யும் தோட்டத்துச் சகோதர சகோதரிகள் முன்னிலையில் பேராதனையில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு நாம் பேசப் போவது கொழுந்தைப் பற்றி அல்ல, சம்பளத்தைப் பற்றியும் அல்ல. தரையைப் பற்றி. "தரையில என்னங்க இருக்கு, கூட்டிக் கழுவினாப் போச்சு" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்தக் கூட்டலும் கழுவலும் யாருடைய இடுப்பில் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். தேயிலை ஸ்டோரின் தரையைக் கழுவுவது நம்மவர்கள். தோட்டத்தை விட்டுக் கண்டிக்கும் கொழும்புக்கும் போன பிள்ளைகளில் பலர் அங்கே கையில் எடுத்ததும் தும்புத்தடியும் வாளியும்தான்.

இந்தப் பேராதனையையே சுற்றிப் பாருங்கள். பல்கலைக்கழகம் 1952இல் இங்கே குடிவந்தது. அதற்குப் பிறகு போதனா வைத்தியசாலை, பல் வைத்தியசாலை, சிறுவர் வைத்தியசாலை என்று எத்தனை பெரிய கட்டடங்கள்! ஒவ்வொன்றிலும் நீண்ட நடைவழிகள், மண்டபங்கள். மழைக் காலத்தில் காலை கழுவிய தரை பத்து மணிக்கெல்லாம் திரும்பவும் சேறாகிவிடும்.

இப்படியான பெரிய இடங்களுக்கு, ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் தரை கழுவும் மெஷின் வாங்கலாமா என்ற பேச்சு இப்போது அடிபடுகிறது. ஸ்கிரபர் என்று சொல்லுவார்கள். வாங்குவதானால் எதை வாங்குவது, யாரைக் கேட்டு வாங்குவது என்பதுதான் நமது இன்றைய விஷயம்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

அதன் உள்ளே இரண்டு தண்ணீர்த் தாங்கிகள் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரத் திரவமும். அது அளவாகத் தரையில் இறங்கும். அடியில் பிரஷ் சுற்றித் தேய்க்கும். பின்பக்கம் வளைந்த இறப்பர் பட்டை ஒன்று அழுக்குத் தண்ணீரை ஒன்றாக வழித்து வரும். அதை ஒரு மோட்டார் உறிஞ்சி மற்றத் தாங்கிக்குள் இழுத்துவிடும். வண்டி போன தடத்தில் தரை கிட்டத்தட்டக் காய்ந்திருக்கும். யாரும் வழுக்கி விழ மாட்டார்கள். பெரும்பாலும் பெற்றரியில் ஓடும். குனிய வேண்டாம், பிழிய வேண்டாம், வாளி தூக்க வேண்டாம்.

நல்ல சாமான்தான். ஆனால் நாம் கண்ணால் கண்ட ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே தறப்பாள் போர்த்தி ஏதோ நின்றது. தூக்கிப் பார்த்தால் இந்த மெஷின். புதுப் பெயின்ட் கூட உரியவில்லை. பக்கத்தில் வாளியோடு நின்ற ஓர் அக்காவிடம் கேட்டோம். அவர் சொன்னார்: "வந்த அன்னைக்கு எல்லாரும் கை தட்டினாங்க ஐயா. மூணாம் மாசம் நின்னு போச்சு. லிப்டுக்குள்ள இது போகாது. மேல் மாடி ரெண்டையும் நாங்கதான் தொடைக்கிறோம். வாங்குறதுக்கு முன்னால எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, லிப்டுக் கதவு எத்தனை சாண்னு நானே சொல்லியிருப்பேனே!"

தோழர்களே, இன்றைய பேச்சு முழுவதும் அந்த அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

முதலில் அளவு நாடா

விலைப் பட்டியலை விரிப்பதற்கு முன் அளவு நாடாவை விரிக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

ஒன்று, பரப்பு. விற்க வருபவர் "மணித்தியாலத்துக்கு 3,500 சதுர மீற்றர்" என்பார். அது எப்படி வந்த கணக்கு? பிரஷின் அகலம் 70 சென்றிமீற்றர், ஓடும் வேகம் மணிக்கு 5 கிலோமீற்றர். இரண்டையும் பெருக்கினால் 3,500. ஆனால் எந்தக் கட்டடத்திலும் மெஷின் நேர்கோட்டில் நிற்காமல் ஓடாது. திரும்ப வேண்டும், ஆட்களுக்கு வழி விட வேண்டும், தடத்தின் மேல் தடம் கொஞ்சம் ஏற வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். ஆகவே சொன்ன கணக்கில் பாதிக்குச் சற்று மேலே, 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தரை 4,000 சதுர மீற்றர் என்றால் இரண்டு மணித்தியால வேலை. தரை அதைவிட நன்றாகச் சிறியது, தூணும் மேசையும் கட்டிலும் நிறைந்தது என்றால், ஏறி ஓட்டுவது வேண்டாம். பின்னால் நடந்து தள்ளும் சிறிய மெஷினே போதும். விலையும் குறைவு.

இரண்டு, வழி. கதவு, லிப்டு, திரும்பும் முடுக்கு எல்லாவற்றிலும் மிக ஒடுக்கமானது எதுவோ அதுதான் மெஷினின் அகலத்தைத் தீர்மானிக்கும். நிறையையும் பாருங்கள். பெற்றரி, நிரம்பிய தண்ணீர், ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்தால் பல மெஷின்கள் அரைத் தொன்னைத் தாண்டிவிடும். லிப்டு அதைத் தாங்குமா? சாய்வான பாதையில் ஏறுமா? இறங்கும்போது பிரேக் பிடிக்குமா?

மூன்று, தரை. மினுங்கும் டைல்சுக்கும் சொரசொரத்த சீமெந்துத் தரைக்கும் ஒரே பிரஷ் சரிவராது. தட்டைப் பிரஷ் சமமான தரைக்கு நல்லது. உருளைப் பிரஷ் பள்ளங் கோடுகளுக்குள் இறங்கித் தேய்க்கும், சின்னக் குப்பையையும் அள்ளும். தரையில் வெடிப்பும் குழியும் இருந்தால் இறப்பர் பட்டை தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். அப்படியான இடத்தில் மெஷினுக்கு முன் கொத்தனாரைக் கூப்பிடுவதே புத்தி.

நான்கு, வாசல். இது பலர் மறக்கிற விஷயம். சேறு உள்ளே வருவது வாசலால். நல்ல நீளமான கால்மிதி போட்டு, அதைத் தினமும் தட்டிக் கழுவினால் கழுவும் வேலையில் ஒரு பங்கு குறைந்துவிடும். மெஷினின் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

தேயிலை ஸ்டோருக்குச் சரிவருமா?

இதை நம்மவர்கள் கட்டாயம் கேட்பீர்கள். பதில்: ஒரு பாதிக்குச் சரி, ஒரு பாதிக்கு வேண்டவே வேண்டாம்.

கொழுந்து அரைபடும் ரோலர் பக்கத்தில் சாறு தரையில் ஒட்டும். கழுவாமல் விட்டால் புளித்துக் கிருமி சேரும், தேயிலையின் தரமும் கெடும். அங்கே தண்ணீரும் தேய்ப்பும் தேவை. இடம் அகலமாக இருந்தால், தள்ளும் மெஷின் உதவும். சலிக்கும் அறை வேறு. காய்ந்த தூள் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் தண்ணீர் மெஷின் கொண்டுபோனால் டீமேக்கரின் பாடு கெட்டது! அங்கே தேவை தூசியை உறிஞ்சி எடுக்கும் உலர்ந்த மெஷின்.

அந்தத் தூசியும் சாதாரணமானதல்ல. தேயிலைப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வந்த ஆஸ்துமாவைப் பற்றி நமது நாட்டு வைத்தியர் உரகொட 1970இலேயே எழுதினார். விளக்குமாற்றால் கூட்டும்போது அந்தத் தூசி தரையிலிருந்து எழும்பி நமது மூக்குக்குத்தான் வரும். ஆகவே ஸ்டோருக்கு மெஷின் கேட்பதானால், முதலில் சலிக்கும் அறைக்குத் தூசி உறிஞ்சி கேளுங்கள். கழுவும் மெஷின் பிறகு வரட்டும்.

விலை வேறு, செலவு வேறு

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லை என்று நிற்கக் கூடாது. இறப்பர் பட்டை தேயும், பிரஷ் தேயும், பெற்றரி சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் எத்தனை சாமான்கள் கிடைக்காமல் போயின என்பதை நாம் மறக்கவில்லை. அதனால் உதிரிப்பாகம் நாட்டுக்குள்ளே இருக்கிறதா, கண்டிப் பக்கம் வந்து பார்க்க மெக்கானிக் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

மின்சாரமும் அப்படியே. சாதாரண ஈயப் பெற்றரி சார்ஜாக எட்டுப் பத்து மணித்தியாலம் எடுக்கும். அதே 2022இல் மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் மெஷின் நிற்கும். ஆகவே மொப்பையும் வாளியையும் வீசிவிட வேண்டாம்.

ஈயப் பெற்றரி சார்ஜாகும்போது தீப்பற்றக் கூடிய வாயு வெளிவரும். காற்றோட்டமுள்ள இடத்தில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். பக்கத்தில் சுருட்டு, பீடி, சிகரெட் கூடாது. தண்ணீர் விடும் வகைப் பெற்றரிக்கு வடித்த தண்ணீர்தான் விட வேண்டும். பீலித் தண்ணீர் விட்டால் அதன் ஆயுள் குறையும்.

இன்னும் இரண்டு புத்திமதி. நுரை அதிகம் தரும் சவர்க்காரத் தூளைத் தாங்கியில் கொட்டாதீர்கள். நுரை மேலேறி உறிஞ்சும் மோட்டாருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். குளோரின் திரவத்தையும் மலசலகூடம் கழுவும் அசிட்டையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வரும் புகை நுரையீரலைத் தாக்கும். மெஷினிலும் சரி வாளியிலும் சரி, இது உயிர் விஷயம்.

வேலை முடிந்ததும் அழுக்குத் தாங்கியைக் காலி செய்து கழுவித் திறந்து வைக்க வேண்டும். இறப்பர் பட்டையைத் துடைக்க வேண்டும். பிரஷைத் தூக்கி நிறுத்த வேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தையும் வேலை நேரத்தில் சேர்த்துத் தர வேண்டும். "வீட்டுக்குப் போற நேரத்தில செஞ்சிட்டுப் போங்க" என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

சீட்டில் யார் உட்காருவது?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மெஷின் வந்தால் ஆட்குறைப்பு வருமோ என்று பயம். அந்தப் பயத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். நமது மலைநாட்டுக்கு மெஷின் புதிதல்ல. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை தொடங்கிய காலத்தில் கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். பிறகு ரோலர் வந்தது. இங்கிருந்து ஹந்தானைக்கு ஏறிப் போனால், 1925இல் கட்டிய பழைய ஸ்டோரில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. அந்தக் காலத்து மெஷின்களை அங்கே பார்க்கலாம். அவற்றை வாங்கியபோது ஓட்டுகிறவரை யாராவது கேட்டிருப்பார்களா? நமக்குச் சந்தேகம்தான். இனியாவது கேட்கட்டும்.

நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்கிறோம். இந்த மெஷின் படி ஏறாது. மூலை முடுக்குக்குள் போகாது. கட்டிலுக்குக் கீழே, மலசலகூடத்துக்குள், கண்ணாடி சன்னலில் இதற்கு வேலை இல்லை. மெஷின் ஒன்று வந்தது, ஐந்து பேரை அனுப்பலாம் என்று கணக்குப் போட்டால், நடைவழி மினுங்கும், மற்ற இடமெல்லாம் நாறும். மெஷின் மிச்சப்படுத்தும் நேரத்தை அந்த இடங்களுக்குக் கொடுங்கள். ஆட்களைக் குறைப்பதில்லை என்பதை வாங்கும் முன்பே பேசி எழுத்தில் வையுங்கள்.

அடுத்தது பெண்களின் விஷயம். இருபது வருடம் வாளி தூக்கினவர் ஒரு பெண். சீட்டுள்ள மெஷின் வந்த அன்று அதில் ஏறுவது புதிதாக வந்த ஒரு தம்பி. இது என்ன நியாயம்? தரையை நன்றாகத் தெரிந்தவருக்கே பயிற்சி கொடுங்கள். அதற்கேற்ற மெஷினாகவும் பாருங்கள். சீட்டு முன்பின் நகர வேண்டும், பெடலுக்குக் கால் எட்ட வேண்டும், ஓட்டுபவர் இறங்கினால் தானாக நிற்க வேண்டும். சேலையோ நீளத் துணியோ சிக்காதபடி தக்க உடுப்பும், வழுக்காத சப்பாத்தும் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன், மெஷினை நமது தரைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கடையின் பளிங்குத் தரையில் காட்டினால் போதாது. மழை பெய்த ஒரு நாளில், மிக மோசமான மூலையில், தினமும் கழுவுகிற அந்த அம்மாவையே ஓட்டச் சொல்லுங்கள். அவர் இறங்கி வந்து "சரிங்க" என்றால் வாங்கலாம். அவர் தலையை ஆட்டி "வேணாங்க" என்றால், ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தோழர்களே, தாய்மாரே, பேச்சை முடிக்கிறோம். உங்கள் ஸ்டோரிலோ, உங்கள் பிள்ளைகள் வேலை செய்யும் கட்டடத்திலோ இப்படி ஒரு மெஷின் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், பயந்து ஒதுங்கி நிற்காதீர்கள். "எங்களுக்கென்ன தெரியும்" என்றும் சொல்லாதீர்கள். உங்களுக்குத்தான் தெரியும். எந்தக் கதவு ஒடுக்கம், எந்தத் தரை வெடித்தது, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது காரியாலயத்தில் உள்ள எந்தக் கோப்பிலும் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஓர் அளவு நாடாவை எடுங்கள். அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.

சாண் கணக்குச் சொல்ல ஆள் இருந்தும் கேட்காமல் போனதால் ஒரு மெஷின் தறப்பாளுக்குள் கிடக்கிறது. இன்னொன்று அப்படிக் கிடக்க வேண்டாம்.