காது கேட்கும்போதே கேளுங்கள்

(நல்லம்பள்ளியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேசி முடித்த பிறகு யாராவது கேள்வி கேட்பதானால் என் வலது பக்கமாக வந்து கேளுங்கள். இடது பக்கம் நின்று கேட்டால் நான் சும்மா தலையை ஆட்டிவைப்பேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நன்கொடை ரசீதை நீட்டிவிடாதீர்கள்!

இந்த இடது காது எப்படிப் போனது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். சங்கத்தில் ராணுவ அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். வீரக்கதை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். காதுக்கதை சொல்ல ஆள் கிடையாது.

1974. நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நல்லம்பள்ளியில் பஸ் ஏறி, படியில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்த காலம். அந்த வருஷ என்.சி.சி. முகாமில் எங்களுக்கு பாயிண்ட் 303 ரைபிள் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 4 கிலோ கனம். அதைத் தோளில் வைத்ததும் நாங்களெல்லாம் பெரிய வீரர்கள் ஆகிவிட்டோம். சுடுவதற்கு முன்னால் உஸ்தாத் ஒருவர் ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுத்து, "காதில் வைத்துக்கொள்" என்றார். என் பக்கத்தில் படுத்திருந்த நண்பன் ஒழுங்காக வைத்துக்கொண்டான். நான் வாங்கிய பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, "என்னடா, பொட்டப்புள்ளையாட்டம் காதை மூடிக்கிற" என்று அவனைக் கேலி செய்தேன். பாவம், அவனும் வெட்கப்பட்டு எடுத்துப் போட்டுவிட்டான். இன்றைக்கு அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். ஐம்பது வருஷம் கழித்து எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்டா.

அன்று சாயங்காலம் காதுக்குள் "ஙொய்" என்று ஒரே சத்தம். சாப்பிடக் கூப்பிட்டது கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

பிறகு ராணுவத்தில் சேர்ந்து 24 வருஷம் பீரங்கிப் படையில் இருந்தேன். அங்கேயும் காது மூடியைப் பையில் போட்டு வைத்திருந்த ஆள் நான். அடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஊருக்கு வந்து சில வருஷத்தில் ஒரு நாள். பேத்திக்கு அப்போது ஐந்து வயசு. இடது பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னாள். எனக்கு "படிக்கிறேன் தாத்தா" என்று கேட்டது. "படி கண்ணு, நல்லாப் படி" என்றேன். குழந்தை கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அவள் சொன்னது "பசிக்குது தாத்தா" என்று பாட்டி வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. குண்டுச் சத்தத்துக்கு அசையாதவன் அன்றைக்கு அழுதுவிட்டேன்.

டாக்டர் ஆடியோகிராம் எடுத்துக் காட்டினார். கோடு ஒழுங்காக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. வெடிச்சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம் அது என்றார். மெல்லிய, உயர்ந்த ஒலிகள் முதலில் போகும். அ, இ, உ என்ற உயிரொலி கேட்கும்; ச, த, ப போன்ற மெய்கள் நழுவும். அதனால்தான் "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியலை" என்று சொல்வோம். வலது தோளில் வைத்துச் சுடுபவனுக்கு இடது காது துப்பாக்கியின் வாய்ப் பக்கம் இருக்கும். வலது காதுக்குத் தலையே ஒரு மறைப்பு. எனக்கு இடது காது அதிகம் போனதற்குக் காரணம் அதுதான்.

மாணவர்களே, காதின் உள்ளே நத்தை ஓடு போல ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15 ஆயிரம் மயிரணுக்கள். தலைமயிர் போனால்கூட விக் வைக்கலாம். இது செத்தால் மறுபடி முளைக்காது. பெரிய சத்தம் வந்தால் காதுக்குள் ஒரு சின்னத் தசை இறுகி ஓரளவு காப்பாற்றும். ஆனால் துப்பாக்கிச் சத்தம் சில மில்லி செகண்டில் முடிந்துவிடுகிறது. காவல்காரன் எழுந்து தடியை எடுப்பதற்குள் திருடன் போய்விட்டான்.

நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். நொடிப்பொழுது வெடிச்சத்தத்துக்குப் பெரியவர்கள் காது தாங்கும் எல்லை 140 என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் சொன்னது, குழந்தைகளுக்கு 120. நீங்கள் சுடும் பாயிண்ட் 22 ரைபிளே அந்த 140-ஐ நெருங்குகிறது. 303 போன்ற பெரிய ரைபிள் 160-ஐ ஒட்டி வரும். இருபதுதானே கூட என்று நினைக்காதீர்கள். 20 டெசிபல் ஏறினால் ஒலியின் அழுத்தம் 10 மடங்கு.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடத்திலிருந்து. மருந்து எரிந்து உண்டாகும் வாயு, குழலின் வாயில் திடீரென்று வெளியே பாய்கிறது. அது ஒன்று. 303 குண்டு நொடிக்கு சுமார் 740 மீட்டர் போகிறது. ஒலி போவது 340 மீட்டர்தான். ஒலியை முந்திக்கொண்டு குண்டு போகும்போது சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு சத்தம் எழும். அது இன்னொன்று.

குழல் முனையில் ஏதோ மாட்டியிருக்கிறதே, அது சத்தத்தைக் குறைக்காதா என்று பையன்கள் கேட்பதுண்டு. மூன்று சாமான்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஃப்ளாஷ் ஹைடர் என்பது நெருப்பு ஒளியை மறைக்க. காதுக்கு அதனால் லாபமில்லை. மஸில் பிரேக் என்பது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிட்டு உதையைக் குறைப்பது. தோளுக்கு நல்லது, காதுக்குக் கெடுதல். முன்னால் போக வேண்டிய சத்தம் சுடுபவன் பக்கமும் பக்கத்து ஆள் பக்கமும் திரும்பிவிடுகிறது. போபர்ஸ் என்று நீங்கள் கேள்விப்பட்ட 155 மி.மீ. பீரங்கிக்கு வாயில் இது உண்டு. அதன் பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொஞ்சம் உரக்கக் கேட்க வேண்டும்.

மூன்றாவது சைலன்சர். சினிமாவில் வில்லன் மாட்டிக்கொண்டு "டுப்" என்று சுடுவான், பக்கத்து அறையில் தூங்குகிறவன்கூட எழுந்திருக்க மாட்டான். அது பொய். உள்ளே தடுப்பு தடுப்பாக வைத்து வாயுவை மெதுவாக வெளியே விடுகிறது, நம் மோட்டார் சைக்கிள் சைலன்சர் மாதிரி. 20 முதல் 30 டெசிபல் குறையும், அவ்வளவுதான். குண்டு ஒலியை முந்தும் சத்தம் அப்படியே இருக்கும். தவிர, நம் நாட்டு ஆயுத விதிகளில் அது தடை செய்யப்பட்ட சாமான். ஆகவே நம் மாணவர்களுக்கு அந்த வழி இல்லை.

இதில் ஒரு செய்தி. மாக்சிம் என்பவர் 1884-ல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார். அதைச் சுட்டுச் சுட்டுக் காது மந்தமாகிவிட்டது. அவருடைய மகன்தான் 1909-ல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். அப்பா சத்தம் பண்ணினார், மகன் அடக்கப் பார்த்தார்.

நம் கையில் இருப்பது காது மூடிதான். பஞ்சு போதாது, எங்கள் காலத்தில் வேறு இல்லாததால் பஞ்சு. மெடிக்கல் ஷாப்பில் நுரை அடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை விரலில் மெல்லிய திரி போல உருட்டுங்கள். மறு கையால் காதை மேலே, பின்னால் இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள். அது ஊதி நிரப்பும் வரை அரை நிமிஷம் விரலால் பிடியுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதிப் பயன்கூட இல்லை. பெரிய ரைபிளுக்கு அதன்மேல் ஹெட்போன் போன்ற காது மூடியும் போடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் காம்பு இடுக்கில் சந்து விழாமல் பாருங்கள். சுடுபவர் மட்டுமல்ல, பின்னால் வரிசையில் காத்திருப்பவரும், ஸ்கோர் எழுதுபவரும் போட வேண்டும். உத்தரவு கேட்காதே என்று பயந்தால், கையசைவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் போட்டிகளிலேயே காது மூடியை வற்புறுத்துகிறார்கள். அவர்களைவிட நாம் பெரிய வீரர்களா?

சுட்டு வந்த பிறகு காதில் இரைச்சலோ அடைப்போ இருந்தால் "நாளைக்குச் சரியாயிடும்" என்று விடாதீர்கள். அன்றே, தவறினால் மறுநாளே, காது டாக்டரிடம் போங்கள். எனக்கு இப்போதும் ராத்திரி படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது. தோப்பூர் கணவாயில் லாரி ஓய்ந்தாலும் அது ஓயாது.

இங்கே சீருடையில் இருக்கும் மாணவிகளைப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் சொன்ன கேலிச் சொல்லுக்கு உங்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். காதை மூடிக்கொள்வது பயம் அல்ல.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் நம் கல்லூரி என்.சி.சி. மாணவர்கள் சுடப் போகும் முன், ஆளுக்கு ஒரு ஜோடி காது அடைப்பான் நம் செலவில் கொடுப்போம். முதல் வருஷத்துச் செலவு என்னுடையது. ரசீதை வலது பக்கமாக வந்து கொடுங்கள்.

எல்லாரும் பொறுமையாகக் கேட்டீர்கள். கடைசி வரை அப்படியே கேட்கும் காதோடு இருங்கள்.