ஓய்வு பெற்றோரும் மருத்துவக் காப்பீடும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் எண்ணலாம். உப்பளத்தில் நம் தெருவில் நேர்ந்த ஒன்றைச் சொன்னால் காரணம் விளங்கும். ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தம் மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தியிருந்தால் இ.எஸ்.ஐ. திட்டத்தில் அவ்விருவர்க்கும் மருத்துவம் கிடைத்திருக்கும். இதனை அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஓய்வு நாளில் கையொப்பமிட்ட தாள்களை அவரால் படிக்க இயலவில்லை. படித்த நாமும் கேட்டுப் பார்க்கவில்லை.

இத்திட்டம் நமக்கு அயலானது அன்று. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். அக்காலத்தில், 1943இல், தொழிலாளர்க்கான உடல்நலக் காப்பீட்டை வகுக்கப் பேராசிரியர் அடார்க்கர் அமர்த்தப்பட்டார். அவ்வழியே 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது.

ஐந்தாண்டுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை எட்டியோ விருப்ப ஓய்வு பெற்றோ வெளிவந்தவர், ஓராண்டுத் தொகையான 120 ரூபாயை முன்னதாகச் செலுத்தினால் போதும். கணவன் மனைவி இருவரும் மருத்துவரைக் காணலாம், மருந்து பெறலாம், உள்நோயாளியாகத் தங்கலாம். மாதத்திற்குப் பத்து ரூபாய். இரண்டு குவளைத் தேநீர்க்கும் போதாத தொகை! ஆயினும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது பொருந்தாது.

எழுபது வயது நிறைந்தோர்க்கு வேறொன்றும் உண்டு. 2024 அக்டோபர் 29இல் மைய அரசு, வருவாய் எவ்வளவு என்று பாராமல், அவர்கள் அனைவர்க்கும் ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை அது ஏற்கும். முன்பே உள்ள நோய் என்று விலக்குவதில்லை. இ.எஸ்.ஐ. உள்ளவரும் இதனைப் பெறலாம். மைய அரசின் சி.ஜி.எச்.எஸ். போன்ற திட்டங்களில் இருப்போர் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஐந்து இலட்சம் என்றதும் எல்லாம் இலவசம் என எண்ணுகின்றனர். மருத்துவமனையில் சேர்ந்தால்தான் அவ்வட்டை பயன்படும். சேர்வதற்கு முன் மூன்று நாள், வீடு திரும்பிய பின் பதினைந்து நாள் செலவும் அதில் அடங்கும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அது ஒரு காசும் தாராது. நம் முதியோரின் பணத்தைச் சிறிது சிறிதாகக் கரைப்பது அம்மாத்திரைச் செலவே. அதற்கு உதவுவது அந்தப் பத்து ரூபாய்க் காப்பீடுதான். எனவே, பெரிய அட்டை வந்துவிட்டதென்று சிறிய தொகையைச் செலுத்தாமல் விடுவது தவறு.

மற்றோர் இடர், வயது. ஆயுஷ்மான் அட்டைக்கு ஆதாரில் உள்ள பிறந்த ஆண்டே சான்று. நம் பெரியவர் பலர்க்கு அது தோராயமாக எழுதப்பட்டது. எழுபத்து மூன்று வயதினர் தாளில் அறுபத்தெட்டாக இருக்கிறார்! பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலும் புதுச்சேரியில் பிறப்புகள் பதிவேட்டில் எழுதப்பட்டன. அப்பதிவின் நகலை நகராட்சியில் கேட்டுப் பார்த்து, ஆதாரைத் திருத்தலாம்.

இளைஞர்களே, இவ்வாரம் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். இ.எஸ்.ஐ. எண், ஓய்வு ஆணை, ஆதார் ஆகிய மூன்றையும் எடுத்து வையுங்கள். அட்டையை ஏற்கும் மருத்துவமனை எதுவென 14555 என்னும் எண்ணில் நோய் வருமுன்பே கேளுங்கள். தாள் விளங்காதவர் ஞாயிறு காலை நம் சங்கக் கட்டடத்திற்கு வரட்டும். விண்ணப்பத்தை நாமே எழுதித் தருவோம்.