வலிமையும் நாணயமும்



நான் தலைமையாசிரியப் பொறுப்பேற்ற முதலாண்டில், பிரம்பே பள்ளியின் ஒழுங்கைக் காக்கும் என்று நம்பியிருந்தேன். வகுப்பின் வாயிலில் நான் நின்றால் அமைதி, அகன்றால் ஆரவாரம். அச்சத்தின் ஆட்சி என் நிழலுக்கு அப்பால் செல்லவில்லை. நாடுகளின் உறவிலும் இவ்வுண்மை உண்டு என்பதைப் பின்னாளில் ஒரு சீன அறிஞரின் எழுத்துகளிற் கண்டேன்.

அவர் பெயர் யென் ஷுவேதோங். 1952-ஆம் ஆண்டில் தியன்ஜின் நகரிற் பிறந்தவர். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், 16 வயதில், குளிர் மிகுந்த வடகிழக்கு மாநிலமாகிய ஹெய்லோங்ஜியாங்கிற்கு உடலுழைப்புக்காக அனுப்பப்பட்டார். கல்வி கற்க வேண்டிய பருவத்தில் 9 ஆண்டுகள் அங்கே கழிந்தன. ஆயினும் அவர் தளர்ந்தாரில்லை. 1982-இல் ஆங்கிலம் பயின்று பட்டம் பெற்றார். 1992-இல் அமெரிக்க நாட்டில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் முனைவரானார். பின்னர்ப் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக் கழகத்தில் பன்னாட்டுறவுத் துறைப் பேராசிரியராகப் புகழ் பெற்றார்.

மேலைநாட்டுக் கோட்பாடுகளைக் கற்றுத் திரும்பிய அவர், தம் நாட்டுப் பழைய நூல்களையும் ஆராயத் தலைப்பட்டார். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷுன்ஸி என்னும் சிந்தனையாளர் ஆட்சித் தலைமையை மூவகையாகப் பகுத்துள்ளார். படைவலி ஒன்றையே நம்புவது கடை. வலிமையோடு, நட்பு நாடுகளுக்கு அளித்த சொல்லையும் காப்பது இடை. அறத்தால் பிறர் உள்ளத்தை ஈர்ப்பது தலை. இப்பகுப்பைத் துணைக்கொண்டு யென் வகுத்த கொள்கையை 'அறம்சார் நடப்பியல்' எனலாம். வலிமை வேண்டாவென்று அவர் கூறவில்லை. வலிமை எத்துணை இருப்பினும், தலைமையின் திறமும் நாணயமுமே நாடுகளின் ஏற்றத் தாழ்வை முடிவு செய்கின்றன என்பதே அவர் துணிபு.

சீன அரசு 1980-களிலிருந்து கூட்டணி சேராக் கொள்கையைப் பின்பற்றி வந்தது. அக்கொள்கையைக் கைவிட்டு, நட்பு நாடுகளுக்குப் பாதுகாப்பளிக்க முன்வர வேண்டுமென்று யென் வெளிப்படையாகவே எழுதினார்.

2011-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூல் ஒன்று, பண்டைச் சீனச் சிந்தனையை இன்றைய சீன வலிமையோடு இணைத்துப் பேசுகிறது. அதில் அவருடைய கட்டுரைகள் மட்டுமன்றி, அவற்றிற் குறை காணும் சீன அறிஞர்களின் கட்டுரைகளும் இடம் பெற்றுள்ளன. பழைய நூல்களை ஆராயும்போது அவை தோன்றிய வரலாற்றுச் சூழலை இன்னும் கருத வேண்டுமென்பது ஒரு குறை. அவற்றுக்கு யென் கூறும் மறுமொழியும் அதே நூலில் உண்டு. எதிர்ப்பவர்க்குத் தம் நூலிலேயே இடமளித்த இப்பண்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எனக்கும் ஓர் ஐயம் உண்டு. வலியவன் தன் செயல் யாவற்றையும் அறமென்றே சாதிப்பானாயின், அதனை அளப்பவர் யார்? என் பள்ளியில் அவ்வளவுகோல் மாணவரிடமே இருந்தது. நான் சொன்ன சொல்லைக் காக்கிறேனா என்று அவர்களே அளந்தார்கள். நாடுகளுக்கும், சிறியவற்றின் நம்பிக்கையே பெரியவற்றை அளக்கும் கோல் எனக் கருதுகிறேன். பிரம்பை நான் பேழையில் வைத்துப் பூட்டிய பின்னரே, நான் இல்லாத வகுப்பிலும் அமைதி நிலவியது.